பெயர்ப் பட்டியலைக் கேட்ட நீதிமன்றம்: பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கு, 1979 (நிகழ்வு ஆய்வு)

இந்திய உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றைப் பேசும்போது பெரும்பாலும் அரசியல் சாசன அமர்வுகளின் பெரிய தீர்ப்புகளைத்தான் பேசுகிறோம். சொத்துரிமை, வங்கிகள் நாட்டுடைமை, அடிப்படைக் கட்டமைப்பு என்று அந்த வரிசை நீளும். இங்கே எடுத்துக்கொள்வது அந்த வரிசையில் வராத ஒரு வழக்கு. 1979 ஜனவரியில் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் தொடங்கி, பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்காக விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களை வெளியே கொண்டுவந்த வழக்கு. சட்டப் புத்தகங்களில் அது ஒரு கைதியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரையும் மற்றக் கைதிகளின் பெயர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வழக்கைப் பொறுத்தவரை நீதிபதிகளின் பெயர்கள் மட்டும் வரும்.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு ஏழைக் கைதிக்கு எந்த அளவுக்குப் பயன்படும், எந்த இடத்தில் அதன் கை எட்டாமல் போகும் என்ற இரண்டையுமே இந்த வழக்கில் பார்க்க முடியும்.

பின்னணி: 1950 முதல் 1978 வரை

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 அக்டோபரில் டெல்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் தொடங்கியது. ஆனாலும் இறுதி மேல்முறையீடு பேரரசின் இறுதி மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 1949-இல் அந்த வழி அடைக்கப்பட்டது. 1950 ஜனவரி 26-இல் அரசியல் சாசனத்தோடு உச்ச நீதிமன்றம் பிறந்தது. இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, அதன் தொடக்க விழா நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்தது. இன்றிருக்கும் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது 1958-இல். தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டு நீதிபதிகள் என்று தொடங்கிய நீதிமன்றம், இந்த வழக்கு வந்த காலத்தில் 18 பேர் வரை இருக்கலாம் என்ற அளவுக்கு வளர்ந்திருந்தது.

அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே வரலாம் என்பது அரசியல் சாசனத்தின் 32-ஆவது பிரிவு. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது 21-ஆவது பிரிவு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிறையிலிருக்கும் எவருக்கும் டெல்லிக் கதவு திறந்துதான் இருக்க வேண்டும். முதல் 28 ஆண்டுகள் அப்படி நடக்கவில்லை.

அந்தக் கதையின் தொடக்கம் நம் ஊரில்தான் இருக்கிறது. தடுப்புக் காவலில் அடைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் மெட்ராஸ் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ முறையாக இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று 21-ஆவது பிரிவின் பேரில் நீதிமன்றம் கேட்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி பசல் அலி மட்டும் அந்தக் குறுகிய பொருளை ஏற்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28-இல், நிலைமை இன்னும் கீழே போனது. சட்டவிரோதமாகச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐந்து பேர் அமர்வில் நான்கு பேர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்த நால்வரில் ஒருவர் பி.என்.பகவதி. 1979-இல் பீகார் கைதிகளின் வழக்கை விசாரித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். 1976 தீர்ப்பில் தான் எடுத்த நிலை தவறு என்று பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நிறுவனம் மூன்றே ஆண்டுகளில், அதுவும் அதே நீதிபதியின் கையால், எவ்வளவு தூரம் திரும்ப முடிந்தது என்பதை இந்த வழக்கைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

திருப்பத்துக்கான சட்ட அடித்தளம் 1978-இல் விழுந்தது. ஜனவரியில் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் காட்டச் சொல்லப்பட்ட ஒரு கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் முன்னால் வந்தது. ஜாமீன் தர முன்வந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ் நீதிமன்றம் மறுத்திருந்தது. கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையிலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியிலேயே, விடச் சொன்னார்.

சிறைக்குள் கண்டது

1977-இல் அமைக்கப்பட்ட தேசிய போலீஸ் ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், காவல்துறையில் உயர் பதவி வகித்தவர், பீகார் சிறைகளில் கண்டதைக் கட்டுரைகளாக எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் அவை வெளிவந்தன.

அதில் இருந்தவர்கள் தண்டனைக் கைதிகள் அல்லர். மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறையில் கிடந்தும் வழக்கு விசாரணையே தொடங்காதவர்கள். பலர்மேல் இருந்தது சிறு குற்றச்சாட்டு. அது முழுக்க நிரூபணமானாலும் சில மாதமோ ஓரிரு ஆண்டோதான் தண்டனை கிடைத்திருக்கும். தண்டனைக் காலத்தைவிடப் பல மடங்கு அவர்கள் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டார்கள். ஒருவர் 1968 நவம்பரில் சிறைக்கு வந்தவர். அவருடைய வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பவே 1972 செப்டம்பர் ஆகிவிட்டது. 1979 பிறந்தும் விசாரணை தொடங்கவில்லை.

எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத பெண்களும் குழந்தைகளும்கூட உள்ளே இருந்தார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சி சொல்ல வேண்டியவர்களையும் 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் சிறையில் வைத்திருந்தார்கள். மொத்த வழக்கிலும் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். புகார் கொடுக்க வந்தவரைப் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் புகாரை விசாரிக்கவும் இல்லை.

இவ்வளவு பேர் வெளியே வர முடியாமல் போனதற்குப் பெரிய சதி எதுவும் தேவைப்படவில்லை. நீதிமன்றங்களோடு பழகியவர்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். ரிமாண்ட் தேதி வரும். கைதியைக் கொண்டுவருவார்கள், சில சமயம் கொண்டுவராமலே காவலை நீட்டிப்பார்கள். அவர் பக்கம் வக்கீல் கிடையாது. ஜாமீன் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லிக் கிடைத்தாலும் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். கூலி வேலை செய்து பிழைத்தவருக்கு நிலப் பட்டாவோடு கோர்ட்டுக்கு வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? அடுத்த வாய்தா போடுவார்கள். ஒவ்வொரு நீட்டிப்பிலும் ஒரு கையெழுத்து இருக்கும், அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றும் சட்டப்படிதான் இருக்கும்.

மனு வந்த விதம்

கட்டுரைகளைப் படித்த டெல்லிப் பெண் வழக்கறிஞர் ஒருவர் அவற்றையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அந்தக் கைதிகளில் யாரும் அவரை அமர்த்தவில்லை, அவர்களில் யாருக்கும் அவர் உறவும் இல்லை. பாதிக்கப்பட்டவரோ அவருக்கு நெருக்கமானவரோதான் நீதிமன்றம் வர வேண்டும் என்ற பழக்கம் வலுவாக இருந்த காலம் அது.

மனுவை ஏற்பது என்பதுதான் அமர்வு எடுத்த முதல் முக்கிய முடிவு. தள்ளுபடி செய்ய எளிதான காரணங்கள் கையிலேயே இருந்தன. செய்தித்தாள் செய்தி சாட்சியம் ஆகாது, மனுதாரருக்கு நேரடிப் பாதிப்பில்லை, பாட்னா உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்று எதையாவது சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் இன்னொரு வாய்தா சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். சிறையிலிருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் உரிமை இன்னதென்று அறியாதவர் என்றால் அவருக்காக வேறொருவர் வந்து பேசலாம் என்ற கருத்து பிறகு 1981 டிசம்பரில் நீதிபதிகள் நியமன வழக்கின் தீர்ப்பில் முறையான சட்டமாகவே எழுதப்பட்டது. பொதுநல வழக்கு என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் தொடக்கப் புள்ளிகளில் இந்த மனுவும் ஒன்று.

அரசுத் தரப்பு வராத நாள்

பீகார் அரசுக்கு நோட்டீஸ் போயிற்று. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 5-ஆம் தேதி வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அரசுத் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட நிலையில் இன்னொரு அவகாசம் கொடுப்பார்கள். அமர்வு கொடுக்கவில்லை. அரசு வந்து மறுக்காத நிலையில் நாளிதழ்க் கட்டுரைகளில் உள்ளவை உண்மை என்றே கொண்டு மேலே செல்கிறோம் என்று முடிவெடுத்தது. மனுவில் பெயர் குறிப்பிடப்பட்ட கைதிகளை ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே உடனே விடுவிக்க உத்தரவிட்டது. பிப்ரவரி 12 தேதியிட்ட உத்தரவில் அதற்கான காரணங்கள் விரிவாக வந்தன. ஒருவர் ஓடிவிடுவாரா என்பதைப் பணத்தை வைத்து எடைபோடாமல், அவர் எத்தனை காலமாக அந்த ஊரில் இருக்கிறார், குடும்பம் எங்கே, வேலை என்ன, அவருக்காகச் சொல்லக்கூடிய நல்லவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார் பகவதி. அமர்விலிருந்த ஆர்.எஸ்.பாதக் விடுதலை உத்தரவில் உடன்பட்டார். ஜாமீன்தாரரும் பணமும் இல்லாமல் விடுவிக்கச் சட்டத்திலேயே தெளிவான ஏற்பாடு வேண்டும் என்று தனியாக எழுதினார்.

இந்த உத்தரவின் மையமாக நான் கருதுவது விடுதலையை அல்ல. அதோடு சேர்த்து, மாநிலம் முழுவதும் உள்ள விசாரணைக் கைதிகளின் பட்டியலை, சிறு குற்றம் பெருங்குற்றம் என்று பிரித்து, ஆண்டுவாரியாகத் தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் கேட்டது. தாக்கல் செய்யப்பட்ட மனுவுக்கு மட்டும் தீர்ப்பு சொல்வதோடு நிற்காமல், மனுவில் பெயரே இல்லாதவர்களைத் தேடிப் போன கேள்வி அது. அத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வியை ஒரு மாஜிஸ்திரேட்டும் கேட்கவில்லை.

பட்டியல் வந்தபின்

அரசு இப்போது ஆஜரானது. பாட்னா, முசாபர்பூர், ராஞ்சி மத்திய சிறைகளின் விவரங்களோடு பிரமாணப் பத்திரம் வந்தது. தாமதத்துக்குக் காரணங்களும் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று, பத்து சதவீத வழக்குகளில் நிபுணர் அறிக்கை வரத் தாமதமாகிறது என்பது. நிபுணர் போதவில்லை என்றால் கூடுதலாக நியமிக்க வேண்டும், பரிசோதனைக் கூடம் போதவில்லை என்றால் கட்ட வேண்டும், அதற்காக ஒரு மனிதனைச் சிறையில் வைத்திருக்க முடியாது என்பதே நீதிமன்றத்தின் பதிலாக இருந்தது.

பிப்ரவரி 26 உத்தரவில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி உள்ளே இருப்பவர்களை விடுவிக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக் காவலில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் சிறையிலிருந்து எடுத்து நல இல்லங்களுக்கும் மீட்பு இல்லங்களுக்கும் மாற்றச் சொன்னார்கள்.

மார்ச் 9-ஆம் தேதி உத்தரவு, பகவதியும் டி.ஏ.தேசாயும் இருந்த அமர்வினுடையது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது இதுதான். விரைவான விசாரணை 21-ஆவது பிரிவுக்குள்ளேயே அடங்கிய உரிமை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி இல்லாமல் நடத்தும் நடைமுறை நியாயமான நடைமுறையே ஆகாது. நிதி இல்லை, ஆள் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில் உள்ளே இருப்பவர்களுக்கு அடுத்த ரிமாண்ட் தேதியிலேயே அரசு செலவில் வக்கீல் வைத்து ஜாமீன் மனு போட வேண்டும் என்ற கட்டளையும் அதில் இருந்தது. பாட்னா உயர் நீதிமன்றத்திடமும் ஒரு கணக்கு கேட்டார்கள்: 1978 டிசம்பர் 31 நிலவரப்படி எந்தெந்த கீழ் நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு, எந்த ஆண்டிலிருந்து நிலுவையில் இருக்கிறது?

விளைவு

இந்த வழக்கையொட்டி விடுதலையானவர்கள் 40,000 பேர் இருக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தில் கிடைத்தவை இன்னும் நீண்டகாலத்துக்கு நின்றன. 1987-இல் இலவச சட்ட உதவிக்கான சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வசதியற்றவரை ஜாமீன்தாரர் இல்லாமல் விடலாம், அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விட வேண்டும் என்ற விதிகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில் வந்தன. பாதக் கேட்ட ஏற்பாடு சட்டமாக 26 ஆண்டுகள் ஆயின.

ஆனால் பீகாரிலேயே அடுத்து நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் இந்த ஆய்வை முடித்தால் அது நேர்மையாக இருக்காது.

முதலாவது பாகல்பூர். 1979-80-இல் காவலில் இருந்தவர்களின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கினார்கள். அந்த வழக்கு 1980 டிசம்பரில் அதே பகவதி முன்னால் வந்தபோது, அவர்களை ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டுகள் ஒருவருக்கும் வக்கீல் ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை என்று தெரியவந்தது. காரணம், கைதிகள் யாரும் கேட்கவில்லையாம். மாநில அரசு நிதி நெருக்கடியைச் சொன்னது. மார்ச் 9 உத்தரவு அந்த மாநிலத்துக்கே போடப்பட்டது, இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

இரண்டாவது முசாபர்பூர். 1968 ஜூனில் செஷன்ஸ் நீதிமன்றம் ஒருவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில். இடையில் 14 ஆண்டுகள். அவருடைய வழக்கில் 1983 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய் போக, மேலும் 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 32-ஆவது பிரிவின் கீழ் இழப்பீடு என்ற வழி இப்படித்தான் திறந்தது.

1979-இல் நீதிமன்றத்துக்கு விவரம் வந்த மூன்று சிறைகளில் முசாபர்பூரும் ஒன்று என்பதைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மனிதர் அப்போது காவலில்தான் இருந்தார். பட்டியலில் அவர் வர வழியில்லை. நீதிமன்றம் கேட்டது விசாரணைக் கைதிகளை, அவரோ விடுதலையானவர். எந்த வகையிலும் அடங்காத மனிதர்.

எதை மாற்ற வேண்டும்

1979 அமர்வு எடுத்த முடிவுகளில் மாற்ற வேண்டியது என்று எதையும் எளிதில் சுட்ட முடியாது. குறை உத்தரவுகளில் இல்லை, உத்தரவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதில் இருந்தது. கேள்வியின் வரையறையை இன்னும் அகலமாக வைத்திருக்கலாம்: எந்தக் காரணத்துக்காக என்று பார்க்காமல், சிறைக்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் வைத்திருக்க எந்த உத்தரவு கையில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஒருமுறை கேட்டு நிறுத்தாமல் ஆண்டுதோறும் அந்தக் கணக்கு உயர் நீதிமன்றத்துக்கு வரும்படி செய்திருக்கலாம். ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவில் 'வக்கீல் இருக்கிறாரா, ஜாமீன் உரிமை சொல்லப்பட்டதா' என்று மாஜிஸ்திரேட் தன் கையால் எழுதியாக வேண்டும் என்ற சிறிய கட்டாயமே பாகல்பூரில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கும் என்று நம்புகிறேன். அமர்வு இழப்பீட்டைப் பற்றியும் பேசவில்லை. பத்தாண்டு தொலைத்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

பின்னால் வந்த சில ஏற்பாடுகள் இந்த இடத்தைச் சரியாகத் தொடுகின்றன. 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் கழிந்தாலே பிணை என்கிறது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர்மேல் சுமத்துகிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவருக்கு இந்தப் பலன் கிடையாது. இது வலுவான ஒரு தடை, ஏனென்றால் ஒரே சம்பவத்துக்குப் பல வழக்கு போடுவது புதிதல்ல.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், ஏறக்குறைய 76 சதவீதம். சட்ட உதவிக்காகச் சிறைக்குப் போகிற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் 1979 அமர்வு கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பெயர், உள்ளே வந்த தேதி, குற்றப் பிரிவு, அதற்கான அதிகபட்சத் தண்டனை, கடைசியாக நீதிமன்றத்தில் நேரில் நிறுத்தப்பட்ட தேதி. அதோடு 1979-இல் விட்டுப்போன ஒரு கட்டத்தையும் சேர்க்க வேண்டும்: இவரை இன்று உள்ளே வைத்திருக்கும் உத்தரவு எது, அதன் தேதி என்ன? அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பெயர்களோடு அன்றே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் கதவைத் தட்டலாம்.